மேலே இருந்த தாள்

இதை நான் சரியாகச் சொல்லுவேனா என்று தெரியவில்லை. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிட்டால் அதுவே ஒரு பிரச்சினையாகிவிடும். இவ்வளவும் வந்தது அப்படி ஒன்று மாறிப்போனதால்தான். அதனால் நான் நடுவில் நிறுத்தி, இல்லை, அது அப்புறம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னதாக அங்கே யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

நீங்கள் மடியில் வைத்திருக்கிற கவரில் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிந்தது. அதனால்தான் கேட்டேன். எந்தத் துறை என்று நீங்கள் சொன்னதும், பேசாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கு ஆகிவிட்டது. அப்புறம் நினைத்தேன், பாவம், பெண்பிள்ளை, முதல் நாள் வேலைக்குச் சேரப் போகிறது, ஒருத்தராவது சொல்லிவைக்க வேண்டாமா என்று. பஸ் போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அது என் துறைதான். சர்வதேச உறவுகள் மற்றும் மோதல் ஆய்வுகள் துறை. நான் அங்கே அட்டெண்டர். பெயர் பிரம்மசக்தி, பிரமு என்று கூப்பிடுவார்கள். படித்தது ஆறாவது வரைக்கும். இருபத்தோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். ஆனால் நிரந்தரம் இல்லை, தினக்கூலி. எண்பத்தொன்பது நாள் வேலை பார்க்க வேண்டும். தொண்ணூறாவது நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். மறுநாள் புதிதாக வந்தவளைப் போல மறுபடி கூப்பிடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாக யாரும் கோர்ட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அந்த ஒரு நாள் நான் ஒன்றும் சாப்பிட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி விரதமா என்று கேட்பாள், ஆமாம் என்பேன். மறுநாள் போன் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். இதுவரை வராமல் இருந்ததில்லை. அதற்காக அடுத்த தடவையும் வரும் என்று சொல்ல முடியுமா.

இந்த வருஷம் ஒரு பட்டியல் போட்டார்கள். நான் சேர்ந்த வருஷம் இருக்கிறதல்லவா, அந்த வருஷம் டிசம்பர் முப்பத்தொன்றுக்கு முன்னால் சேர்ந்த தினக்கூலிக்காரர்களை எல்லாம் நிரந்தரமாக்குவது என்று. நான் மார்ச்சில் சேர்ந்தவள். பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது. நானே போய் விரல் வைத்துப் படித்தேன், டைப் அடித்து ஏறிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். இவர் ஒழுங்காக வேலை பார்க்கிறவர் என்று துறைத்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தத் தொண்ணூறாவது நாள் இனிமேல் வராது.

கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. பழைய தலைவர் ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்தது யார் என்பதில்தான் எல்லாம்.

எங்கள் துறையில் இரண்டு பெரிய பேராசிரியர்கள். கோதைநாயகி மேடம் சர்வதேச உறவுகள். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் பாடம். சிதம்பரதாணு சார் மோதல் ஆய்வுகள். சண்டை எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முடிக்கலாம் என்பது அவர் பாடம். இருவரும் பெரிய படிப்பு. வெளிநாடெல்லாம் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். எனக்குச் சாக்லேட் கொண்டு வந்து கொடுப்பார்கள். இரண்டு பேருமே தங்கமானவர்கள், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்தது. அழைப்பிதழ் என்னிடம் இன்னும் இருக்கிறது, அலமாரியில் விரித்திருக்கிறேன்.

ஒரு தடவை சார் ஜெனிவா போய், பகையாக இருக்கிற இரண்டு நாடுகளை ஒரே மேஜையில் எப்படி உட்கார வைப்பது என்று பேசிவிட்டு வந்தார். வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "பிரமு, என் ஃபேன் சுவிட்சை யாரு அணைச்சதுன்னு அவங்ககிட்ட கேட்டுட்டு வா" என்றார். அப்போது இருவருக்கும் தனி அறை இல்லை, மேடம் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் மூன்று நாற்காலி நடந்து போய்க் கேட்டேன். மேடம், "அந்த ஆளுக்கு அறிவு இருக்கான்னு கேளு" என்றார். நான் திரும்பி மூன்று நாற்காலி வந்து, "மேடம் உங்க அபிப்பிராயத்தைக் கேட்டாங்க சார்" என்றேன்.

இப்படித்தான் ஓட்டினேன். ஞானதுரை என்று ஒரு பிள்ளை ஆராய்ச்சி பண்ண வந்தது. பேச்சுவார்த்தை ஏன் முறிந்துபோகிறது என்பது தலைப்பு. சார்தான் வழிகாட்டி, குழுவில் மேடம். ஒரே அறையில் இருவரும் உட்கார மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்தான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன். எட்டு வருஷம். கடைசியில் அந்தப் பிள்ளை, "அக்கா, நீங்களே டாக்டர் பட்டம் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறதாம்.

தலைவர் பதவி சீனியாரிட்டிப்படி. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அவர்தான். எந்தத் துறையிலும் இதில் குழப்பம் கிடையாது. எங்கள் துறையில் மட்டும் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வேறு வேறு பதவிக்கு வேறு வேறு குழு எடுத்தது, அதனால் தேர்வு வரிசை என்று ஒன்று இல்லை. சேர்ந்த கடிதத்தில் முற்பகலா பிற்பகலா என்று எழுத வேண்டும். இருவரும் முற்பகல் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள். வயதை வைத்துப் பார்க்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். நேரமும் ஒன்றாக இருந்தால்தான் வயது என்றார்கள்.

அப்போது மேடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தபால் செக்‌ஷன் வரவுப் பதிவேட்டின் பழைய பக்கத்தை நகல் வாங்கினார். அதில் சாருடைய கடிதம் நானூற்றுப் பன்னிரண்டு. மேடத்துடைய கடிதம் நானூற்றுப் பதின்மூன்று.

கேட்டு வாங்கியது மேடம்தான், ஆனால் அது சாதகமானது சாருக்கு. அவர் அந்த நகலைப் பெரிதாக்கி எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் பத்து மணிக்குக் கொடுத்தேன்" என்றார் மேடம். "அப்பாவோட வந்து கொடுத்தேன். இந்த ஆள் வந்தப்போ மத்தியானம் ஆகப்போகுது." என்னிடம்தான் சொன்னார், சாரிடம் சொல்வதற்காக.

"ரிஜிஸ்டர் பொய் சொல்லாது" என்றார் சார். அதையும் என்னிடம்தான் சொன்னார்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். இதைத்தான் நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறேன், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஜூலை மாதம், திங்கட்கிழமை. நான் வேலைக்கு வந்து நாலு மாதம். காலை பத்து மணிக்கு மேடம் அவருடைய அப்பாவோடு வந்தார். அப்போதிருந்த தலைவர், இப்போது இல்லை, இறந்துவிட்டார், அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் அதை நிர்வாகக் கட்டிடத்துக்குக் கொண்டுபோனேன். தபால் செக்‌ஷனில் ஆவுடையப்பன் என்று ஒரு கிளார்க். அவர் சீட்டில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். கடிதத்தை மேஜையில் வைத்து மேலே கல்லை வைத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டேகாலுக்கு சார் வந்தார். நாகர்கோவிலில் இருந்து வந்த பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது, மழையில் நடந்தேன் என்று சட்டையெல்லாம் நனைந்து வந்தார். அவர் கடிதத்தையும் கொண்டுபோனேன். ஆவுடையப்பன் அப்போதும் சீட்டில் இல்லை. இதையும் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கே வைப்பேன் சொல்லுங்கள். மேலேதான் வைத்தேன். தோசை சுட்டு அடுக்குகிற மாதிரிதானே, முதலில் வந்தது அடியில் போகும், பின்னால் வந்தது மேலே வரும். அவர் மேலே இருந்து எடுத்து நம்பர் போட்டிருக்கிறார். நான் கல்லைத் தூக்கி, பழைய தாளை எடுத்து, புதுத் தாளை அடியில் வைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் நான் தோசையை அப்படித்தான் அடுக்குவேன், என் வீட்டுக்காரருக்கு எப்போதும் சூடாக இருப்பதுதான் கிடைக்கும், என் மாமியாருக்குத்தான் கோபம்.

அவ்வளவுதான் நடந்தது. இருபத்தோரு வருஷம் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜூன் மாதம் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"பிரமு, அன்னைக்கு யாரு முதல்ல வந்தது?"

"நீங்கதான் மேடம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். உங்க அப்பா எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாங்க."

மேடம் அதை எழுதிக்கொண்டார். மிட்டாயையும் எழுதிக்கொண்டார்.

"மேடம், நான் இதுல நடுவுல இருந்துக்கிறேனே. யார் பக்கமும் வேண்டாமே."

"நடுநிலைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது, பிரமு. நான் அதைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதியிருக்கேன்" என்றார். பிறகு, "நான் தலைவரானதும் உன் பேப்பர்லதான் முதல் கையெழுத்து" என்றார்.

மறுநாள் சார் கூப்பிட்டார். அவரும் உட்காரச் சொன்னார். இரண்டாவது தடவை என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். மேஜையில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்தார். இலங்கைக்கும் எங்கெங்கோவும் போய்ச் சண்டையில் அடிபட்ட சனங்களிடம் கேள்வி கேட்பதற்கு வைத்திருக்கிற ரெக்கார்டராம்.

"பதட்டப்படாதீங்க. உங்களுக்கு எப்போ நிறுத்தணும்னு தோணுதோ அப்போ நிறுத்திக்கலாம்" என்றார். என்னை நீங்கள் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

"நிறுத்திக்கலாம் சார்" என்றேன்.

"இன்னும் ஆரம்பிக்கலையே."

ஆரம்பித்தார். "அன்னைக்கு தபால் மேஜையில யாரோட கடிதம் மேல இருந்தது?"

"உங்களதுதான் சார்."

"மேல இருந்ததுக்குத்தானே முதல் நம்பர்?"

"ஆமா சார்."

"நல்லது" என்று நிறுத்திவிட்டார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்ல முடியுமா. பஞ்சரைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சாரே, "அந்த பஸ் பஞ்சரானது வேற நாள், இல்லையா" என்றார். அது கேள்வியா என்று தெரியாததால் பேசாமல் இருந்தேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. எழுந்தபோது, "நான் தலைவரானா உங்க ஃபைல்தான் முதல் வேலை" என்றார்.

பார்த்தீர்களா. நான் இரண்டு இடத்திலும் பொய் சொல்லவில்லை. மேடத்திடம் சொன்னதும் உண்மை, சாரிடம் சொன்னதும் உண்மை. மேடம் முதலில் வந்தார். சார் தாள் மேலே இருந்தது. ஆனால் இரண்டு உண்மையையும் ஒரே மேஜையில் வைத்தால், யார் அதை மேலே வைத்தது என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் நான்தான்.

அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இவர் ஜெயித்தால் அவர் வருஷக்கணக்காக என்னைத்தான் சொல்லுவார். அவர் ஜெயித்தால் இவர். யார் தலைவராக வந்தாலும், பிரமு இப்படித் தாளை அடுக்கித்தான் எல்லாம் கெட்டது என்று ஆகிவிடும். ஒழுங்காக வேலை பார்க்கிறவர் என்று அப்புறம் எந்தக் கையால் எழுதுவார்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு பேக்டரியில் வாட்ச்மேன்.

"உண்மையைச் சொல்லிட்டு வா" என்றார்.

"எந்த உண்மையை?"

"உண்மையில எந்த உண்மைன்னா என்ன கேள்வி?"

அவருக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதை விசாரிக்க வெளியூரில் இருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. மூன்று பேரும் பேராசிரியர்கள். மேடம் கொடுத்த மனுவிலும் நான்தான் சாட்சி, சார் கொடுத்த மனுவிலும் நான்தான் சாட்சி. குழுவின் தலைவி வெள்ளை முடி வைத்த ஒரு அம்மா, நல்ல மாதிரி. "ரெண்டு தரப்பும் ஒரே சாட்சியைக் கொடுத்து நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடமும் சாரும் அறையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தனி அறை வந்த பிறகு இருவரையும் ஒரே அறையில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, அந்த ரெண்டு கடிதத்தையும் தபால் செக்‌ஷனுக்குக் கொண்டுபோனது நீங்களா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தலையை ஆட்டினார். சாரைப் பார்த்தேன். சாரும் ஆட்டினார். இரண்டு பேரும் ஆட்டினால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

"நான் அப்போ வேலையிலயே இல்ல அம்மா" என்றேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இல்லையா?"

"நான் சேர்ந்தது அடுத்த வருஷம் பிப்ரவரி. இவங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாலேயே இங்க இருந்தாங்க. கடிதத்தை வேற யாராவது கொண்டுபோயிருப்பாங்க."

அப்போது ஒன்று நடந்தது. மேடம் நேராக சாரைப் பார்த்துத் திரும்பி, "பொய் சொல்றா" என்றார். சார் மேடத்தைப் பார்த்து, "ஆமாம், பொய்தான்" என்றார். மேடம், "மார்ச்லயே இருந்தா" என்றார். சார், "நான் வந்தப்போ தலை துவட்டத் துண்டு குடுத்ததே இவதான்" என்றார். மேடம் உடனே, "அப்போ பஞ்சர் அன்னைக்குத்தானே?" என்று கேட்டார். சார் தன் ஃபைலைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். அதோடு அது முடிந்துவிட்டது. ஆனாலும் நடுவில் நான் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுத்துல வாங்கிப்போம்" என்றார் அந்த அம்மா.

"எழுதிக்கோங்க" என்றேன். எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

குழு எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆவுடையப்பன் ஓய்வு பெற்று மகளோடு மும்பையில் இருக்கிறார். மேலே இருந்ததற்குத்தான் முதல் நம்பர் போட்டிருப்பேன், யார் வைத்தது என்று தெரியாது என்று போனில் சொல்லிவிட்டார். முடிவு தெரிகிற வரைக்கும் என்று வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவரை எங்களுக்குப் பொறுப்புத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இன்றைக்கு அவரிடம்தான் கடிதம் கொடுப்பீர்கள். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதைவிட நல்லது எனக்கு வேறு இல்லை. என் பேப்பரில் கையெழுத்தும் போட்டுவிட்டார், பார்க்காமலேயே போட்டார். மேடமும் சாரும் என்னோடு பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் சமமான கோபம் என்பதால் ஒருத்தர் என்னை ஏதாவது செய்தால் இன்னொருத்தர் ஏன் என்று கேட்பார். அப்படியே இருக்கட்டும்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. குழுவிடம் பிப்ரவரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆபீஸில் மார்ச் என்று இருக்கிறது. நாளைக்கு மேடமோ சாரோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கதி என்ன. போன திங்கட்கிழமை நானே பணியாளர் பிரிவுக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு கிளார்க் வந்திருக்கிறான், முத்துவேலன் என்று, நல்ல பையன்.

"தம்பி, என் தேதி தப்பா இருக்கு. மாத்தணும்."

அவன் ஃபைலை எடுத்தான். என் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "மார்ச்னு இருக்கு. நீங்க சொல்றது அதுக்கு அடுத்த வருஷம் பிப்ரவரி. எல்லாரும் முன்னாடி தள்ளித்தான் கேப்பாங்க, நீங்க பின்னாடி தள்ளுறீங்களே அக்கா."

"குழுவுல எழுதிக் கொடுத்திருக்கேன், அதும்படி மாத்தணும்."

"ஃபைல்ல மாத்தினா அடையாள அட்டையிலயும் மாத்தணும்."

"மாத்துங்க."

"பட்டியல்லயுமா? அதுல டிசம்பர்னு ஒரு கடைசித் தேதி இருக்கே அக்கா."

"எல்லாத்துலயும்தான் தம்பி. ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல இன்னொண்ணுன்னு இருந்தா நாளைக்கு யாராவது பார்த்துக் கேப்பாங்க."

அவன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான். பிறகு ஒரு மனு எழுதச் சொன்னான், நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் சிவப்பு மையால் மார்ச்சை அடித்துவிட்டு மேலே அடுத்த வருஷப் பிப்ரவரி என்று எழுதினான். ஃபைலில், அட்டையில், பட்டியலில் ஏழாவது பெயருக்கு நேரே, மூன்று இடத்திலும். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஒரே தேதிதான்.